ஜெர்மன் தேர்வுக்கு இரண்டே வாய்ப்பு

கடவுளைப் பற்றி எழுதியவர்களைப் பற்றி எழுதியவர்களை, அவர்கள் எழுதிய மொழியிலேயே படிப்பதற்குப் பெயர்தான் இறையியல் முதுகலை. அந்த மொழி பெரும்பாலும் ஜெர்மனாக இருக்கும். எபிரெயமும் கிரேக்கமும் இளங்கலையிலேயே முடிந்துவிடும். அவை வேதாகமம் எழுதப்பட்ட மொழிகள் என்பதால் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஜெர்மனுக்குத்தான் பதில் சொல்லி மாளாது.

நீங்களும் இந்தப் படிப்பில் மாட்டிக்கொண்டவர் என்றால் விதி உங்களுக்கே தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு மணி நேரம், முன்பின் பார்த்திராத இரண்டு பக்கம், கையில் ஓர் அகராதி. பெயர்த்து எழுத வேண்டும். இரண்டு வாய்ப்புதான். இரண்டிலும் தவறினால் முதுகலை கிடையாது, பட்டயம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எனக்குப் பட்டம் கிடைத்தால் கல்லூரியின் தமிழ்ப் பிரிவில் எபிரெயம் கற்பிக்கும் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். என் அப்பா மலேசியாவில் பாலோ பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். பிறகு பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். எனக்குத் தெரிந்து, வகுப்பறையில் நின்று சம்பளம் வாங்கும் முதல் ஆளாகவும் நானே இருந்திருப்பேன்.

அரைப் பக்கம்

முதல் தேர்வை நான் எழுதியது ஜொகூர் பாருவில் எங்கள் கல்லூரிக்கு இருக்கும் படிப்பு மையத்தில். ஓர் அறை, ஒரு மேசை, நான் ஒருத்தி மட்டும். முதல் வாக்கியம் ஏழு வரி. அதில் எனக்குத் தெரிந்த சொற்களையும் அகராதியில் தேடினேன், தெரிந்தது சரிதானா என்று உறுதிசெய்ய. ஊகித்து எழுதுவது எனக்குப் பொய் சொல்வது மாதிரி. ஊகிக்காமல் இந்தத் தேர்வில் யாரும் தேறியதில்லை என்று பிறகுதான் சொன்னார்கள். நேரம் முடிந்தபோது இரண்டு பக்கத்தில் அரைப் பக்கம் முடித்திருந்தேன்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் யாழ்ப்பாண வம்சாவளி. அவருடைய தகப்பனார் அந்தக் காலத்தில் இரயில்வே குமாஸ்தா. பேராசிரியர் எந்தத் துக்கச் செய்தியையும் இரயில் தாமதம் அறிவிப்பது போல நிதானமாகச் சொல்வார். என் தாளை மேசைமேல் வைத்து, விரலால் நேராக்கினார். "பிள்ளை, நீர் எழுதினதில ஒரு பிழையும் இல்லை. எழுதாததுக்குத்தான் என்னால மார்க் போட ஏலாமல் கிடக்கு."

பவுலும் பேசவில்லை

ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, சபைச் செயலாளரின் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார். நான் ஃபெயிலான செய்தி அவருக்குப் போயிருந்தது.

"இயேசப்பா ஜெர்மன்ல பேசினாராம்மா?"

"இல்ல ஆன்ட்டி."

"பவுலு?"

"அவரும் இல்ல ஆன்ட்டி. வேதத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ணவங்க நெறைய பேரு ஜெர்மன்லதான் எழுதியிருக்காங்க. அத நாம படிச்சாத்தான்..."

அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே, எனக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டுச் சொன்னார். "அவங்களத் தமிழ் படிக்கச் சொல்லுலா. நீ எதுக்குக் கஷ்டப்படற?"

நாலு மணி நேரம்

அப்பாவுக்குச் சர்க்கரையால் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று முறை டயலிசிஸ். காலையில் கொண்டுபோய் உட்காரவைத்தால் நாலு மணி நேரம். அம்மா ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை செய்வதால், கூட இருப்பது நான்தான். என் ஜெர்மன் முழுவதும் அந்த நிலையத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து படித்தது. பன்னிரண்டு படுக்கை நாற்காலிகள் உண்டு. ஒரு வாரம் ஒன்று காலியாக இருக்கும். மிஸ்ஸி, அதாவது தாதி, அதைத் துடைத்து உறை மாற்றுவார். அடுத்த வாரம் அதில் வேறொருவர் இருப்பார். முன்பிருந்தவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

சொற்களை அட்டைகளில் எழுதி வைத்திருந்தேன், ஒரு பக்கம் ஜெர்மன், மறு பக்கம் தமிழ். அப்பா தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். ஒரு கையில் ஊசி இருக்க, மற்றக் கையால் அட்டையை மடியில் வைத்துத் தமிழ்ப் பக்கத்தை வாசிப்பார். "வாக்குத்தத்தம்." நான் ஜெர்மனில் சொல்வேன். "சரி." "பாவநிவாரணம்." சொல்வேன். "தப்பு. மறுபடியும் சொல்லு." பார்த்தால் உண்மையிலேயே தப்பாக இருக்கும். ஒரு நாள் கேட்டேவிட்டேன், ஜெர்மன் ஓர் எழுத்தும் தெரியாமல் எப்படிப்பா கண்டுபிடிக்கிறீங்க என்று. அப்பா அடுத்த அட்டையை எடுத்தார். "அட்டைய யாரு பாத்தா? நான் ஒன் மூஞ்சியத்தான் பாக்குறேன்."

இரண்டு கருத்துகள்

இறையியல் படிக்கிறவரெல்லாம் பாதிரியார் என்று ஊர் நினைக்கும். உங்களுக்கும் இது நடந்திருக்கும். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரு வீட்டுப் பையன், இருபத்திரண்டு வயது, ஷிப்ட் முடிந்து மோட்டாரில் வரும்போது டிரெய்லர் லாரியில் அடிபட்டு இறந்துவிட்டான். பாஸ்டர் அன்றைக்குப் பத்து பாகாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் வந்து சேரும்வரை என்னைப் போய் ஜெபம் பண்ணச் சொன்னார்கள். போனேன். ஜெபம் எப்படியோ பண்ணிவிட்டேன். பிறகு அவனுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "என் புள்ள இப்ப எங்கம்மா இருக்கான்?"

மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் இடைப்பட்ட நிலை பற்றித்தான் அந்த வாரம் கட்டுரை எழுதி அனுப்பியிருந்தேன். அது தலையில் அப்படியே இருந்தது. "இதுல ரெண்டு கருத்து இருக்கு ஆன்ட்டி. உடனே ஆண்டவர்கிட்ட போயிடறாங்கன்னு சிலர் சொல்றாங்க. கடைசி நாள் வரைக்கும் நித்திரையில இருக்காங்கன்னு வேற சிலர் சொல்றாங்க. ரெண்டுக்கும் வசனம் இருக்கு." சொல்லி முடிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மா மட்டும் கோபப்படவில்லை. கையை விடவும் இல்லை. "ஏதாச்சும் ஒண்ணச் சொல்லும்மா. நீ எதைச் சொன்னாலும் நம்பிக்கிறேன்."

ஒன்பது மணி

இரண்டாவது தேர்வு ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. இந்த முறை ஊகிக்கப் பழகியிருந்தேன். பழைய தாள்களை நேரம் வைத்து எழுதிப் பார்த்ததில் கடைசி மூன்றையும் முழுசாக முடித்திருந்தேன். வெள்ளிக்கிழமை டயலிசிஸ் நடக்கும்போதே அப்பாவுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கையில் இரத்தக்குழாய் அடைத்துப்போனதால் கழுத்தில் தற்காலிகமாக ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதில் கிருமி. ஆம்புலன்ஸில் அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஓர் இளம் டாக்டர் வந்து, சொந்தக்காரர்களுக்குச் சொல்வதானால் சொல்லிவிடுங்கள் என்றார். அம்மா என்னிடம், "நீ பரீட்சைக்குப் போ, நான் பாத்துக்கறேன்" என்றார். என் சட்டைக் கையைப் பிடித்திருந்த பிடியை மட்டும் விடவில்லை. பேராசிரியருக்குச் செய்தி அனுப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது மணி ஆனதும், இனி அந்த அறைக்குள் போக வேண்டியதில்லை என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அப்பா சாகக் கிடக்கும்போது வந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்தத் துணுக்கு பொய்யாகிவிடும். மூன்றாம் நாள் அப்பா கண் திறந்து, தண்ணீர் கேட்டு, பஞ்சில் நனைத்துக் கொடுத்ததும் என்னைப் பார்த்தார். "பரீட்ச எப்படி எழுதுன?" எழுதவில்லை என்றேன். "நான்தான் எங்கயும் போகலயே. நீ போயிருக்கலாம்ல."

எம்.சி.

கல்லூரி விதிப்படி, வராமல் போனால் எழுதித் தவறியதற்குச் சமம். தேர்வு எழுதுபவருக்கே நோய் என்று மருத்துவச் சான்றிதழ் இருந்தால் மட்டும் வேறு தேதி தருவார்கள். அந்தச் சான்றிதழ்தான் எம்.சி. ஷிப்ட் வேலை பார்க்கும் எங்கள் ஊரில் எம்.சி. எடுக்கத் தெரியாதவர் யாரும் கிடையாது. தீபாவளிக்கு மறுநாள் கிளினிக் வாசலில் நிற்கும் வரிசையை நீங்கள் பார்க்க வேண்டும். அத்தனை பேருக்கும் ஒரே நாளில் வயிற்றுப்போக்கு. என் பெரியம்மா மகன் வழி சொல்லிக் கொடுத்தான்: "வயித்து வலின்னு சொல்லுலா. வயித்தத் தொறந்தா பாக்கப் போறாங்க?" பாஸ்டர்கூட, ஆண்டவர் இருதயத்தைப் பார்க்கிறவர் என்று பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார்.

வயிற்று வலி என்று சொல்லத்தான் போனேன். வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். டாக்டர் தமிழர், அம்மா வயது இருக்கும். "எங்கம்மா வலிக்குது?" என்றதும் என் வாயில் வந்தது, "எங்கயும் இல்ல டாக்டர்." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு, கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் பார்த்தார். என் வயதுக்கு மிக அதிகமாம். இன்றும் நாளையும் என்று தேதி போட்டு எம்.சி. தருவதாகச் சொல்லிப் பேனாவை எடுத்தார். எனக்குப் போன சனிக்கிழமைக்கு வேண்டும் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "போன சனிக்கிழம நீங்க எப்படி இருந்தீங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

கடிதம்

பேராசிரியர் கமிட்டியில் எனக்காக வெகுநேரம் பேசினாராம். பதில் ஒரு புதன்கிழமை என் கைப்பேசிக்கு வந்தது. அப்பாவுக்கு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய கழுத்துக் குழாயை எடுத்துவிட்டு, மற்றக் கையில் புது வழி செய்திருந்தார்கள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, "காலேஜா? படி, கேப்போம்" என்றார். கடிதம் ஆங்கிலத்தில் மூன்று பத்தி. எங்கள் வீட்டுக்கு வரும் எந்தக் கடிதத்தையும், அது மின்சார வாரியமோ மருத்துவமனையோ, தமிழில் சொல்வது சின்ன வயதிலிருந்தே என் வேலை. அதனால் சொல்ல ஆரம்பித்தேன். வராதது இரண்டாவது வாய்ப்பாகக் கணக்கிடப்படுகிறது. முடித்த பாடங்களுக்குப் பட்டயம் வழங்கப்படும். கற்பிக்கும் பணிக்கு முதுகலை அவசியம் என்பதால் அதைப் பற்றி இப்போது பேசுவதற்கில்லை. என் எதிர்காலத்துக்கு அவர்கள் ஜெபிக்கிறார்கள்.

நடுவில் ஒரு வாக்கியம் இருந்தது: தந்தையின் நோயை, தேர்வு எழுதுபவரின் நோயாகக் கருத இயலாது. அதற்கு வந்ததும் கண் தானாக அடுத்த வரிக்குப் போய்விட்டது. நானும் நிறுத்தாமல் போய்விட்டேன். தெரிந்த சொல்லையே இரண்டு முறை அகராதியில் பார்த்தவள் நான். முடித்ததும் மிஸ்ஸி வந்து இயந்திரத்தில் ஏதோ எண்ணைக் குறித்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு, அப்பா சன்னலைப் பார்த்தபடி கேட்டார். "மறுபடி எழுத முடியாதா?" முடியாதுப்பா என்றேன். தலையாட்டினார். பிறகு கேட்டார், "இவ்வளவு எழுதியிருக்காங்களே, என்னப் பத்தி ஒண்ணும் போடலயா?"

எபிரெயம், கிரேக்கம், ஜெர்மன் என்று மூன்று மொழிகளைப் படித்த நான் என் வீட்டாருக்காக உட்கார்ந்து பெயர்த்ததெல்லாம் வீட்டுக்கு வந்த கடிதங்கள்தான், அதிலும் இந்த ஒன்றில் ஒரு வரியை விட்டுவிட்டேன்.