ஆறாவது அட்டை

ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடம் தரைத்தளத்துக்கும் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. மழை பெய்ததா வெயில் அடித்ததா என்பது மேலேயிருந்து வருகிறவர்களின் செருப்பைப் பார்த்தால்தான் தெரியும். முப்பத்தொரு வருஷமாக அங்கே வேலை பார்த்தவரை எல்லோரும் 'ஒத்தக்கோடு' என்றுதான் கூப்பிட்டார்கள். உடலிலிருந்து எடுத்த சதைத் துணுக்குகளை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது அவர் வேலை. அதைப் பார்த்து நோயின் பெயரை எழுதிக் கையெழுத்திடுவது பெரிய டாக்டரின் வேலை.

பட்டப்பெயர் பதிவேட்டிலிருந்து வந்தது. அதில் ஏதாவது தவறாக எழுதிவிட்டால் கிறுக்கி மறைக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தவறின் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கக் கையெழுத்தும் நேரமும் போட வேண்டும். மற்றவர்கள் இதை வேலை நேரத்தில் செய்தார்கள். இவர் வீட்டிலும் செய்தார். மளிகைச் சீட்டில் 'உப்பு' என்று எழுதியிருப்பார். டப்பாவில் உப்பு இருப்பதைப் பார்த்ததும் ஒரு கோடு, கையெழுத்து, காலை 7.10.

"உப்புக்கும் கையெழுத்தா? நாளைக்குக் கோர்ட்டுல கேஸ் வந்தா காட்டுறதுக்கா?" என்பார் அக்கா.

அக்கா அவரைவிட ஒன்பது வயது மூத்தவர். அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தவர். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்ததும், கல்யாணமே செய்துகொள்ளாத தம்பியின் இரண்டறை வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகியிருந்தது. காலையில் எழுந்ததும் பத்து நிமிஷம் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்வார். தம்பிக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தப் பத்து நிமிஷமும் பாத்திரம் உருட்டாமல் இருப்பார். நாற்பது வருஷத்தில் இருவரும் கடவுளைப் பற்றிச் சண்டை போட்டதில்லை. சண்டை போடும் அளவுக்கு விஷயம் தெரியாது என்று இருவருமே நினைத்திருக்கலாம், அது உண்மையும்கூட.

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் புத்தகச் சுற்று ஒன்று நடந்தது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா நடத்தினார். ஒரு புத்தகம் வீடு வீடாகப் போகும். பின்னட்டையின் உள்பக்கம் துணியில் தைத்த ஒரு சின்னப் பை இருக்கும். படித்து முடித்தவர் ஒரு அட்டையில் தன் கருத்தை எழுதி அதில் போட வேண்டும். முடிக்கும்வரை மற்றவர்களின் அட்டையைப் படிக்கக் கூடாது. கருத்து எழுதாமல் திருப்பிக் கொடுப்பவர்களிடம் தையல்காரம்மா, "பட்டன் வைக்காத சட்டையை நான் உங்களுக்குக் குடுத்தா வாங்கிப்பீங்களா?" என்று கேட்பார்.

அந்த வருஷம் சுற்றில் வந்தது ஒரு திகில் நாவல். மலை உச்சியில் ஒரு மடம். அங்கே எண்ணெயும் திரியும் இல்லாமல் இருநூறு வருஷமாக ஒரு விளக்கு எரிகிறது. அதைச் சோதிக்க ஒரு விஞ்ஞானி மலை ஏறுகிறார். அவர் போன மறுநாளிலிருந்து மடத்தில் கொலைகள் விழுகின்றன. பெரிய நாவல் என்று சொல்ல முடியாது. விஞ்ஞானி பேசுவதெல்லாம் பாடம், மடத்துத் தலைவர் பேசுவதெல்லாம் பிரசங்கம். இரண்டுக்கும் நடுவில் யாராவது செத்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் விளக்கு அணையுமா அணையாதா என்ற ஒரே கேள்வி பத்தொன்பது அத்தியாயத்தையும் இழுத்துப்போனது.

அக்காவின் முறை ஏழாவது. புத்தகம் வந்தபோது அவர் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். கண்ணும் மங்கியிருந்தது. கையெழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிடுவார், பொடி அச்செழுத்து ஓடாது. அதனால் தம்பி வேலை முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம் வாசித்துக் காட்டுவார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கேட்பார்.

"இந்த விளக்கு அணையாதுடா. நான் சொல்றேன் பாரு."

"டீச்சர் நீ. எண்ணெய் இல்லாம எப்படிக்கா எரியும்?"

"எப்படி எரியுதுன்னு தெரியலைன்னுதான் சொல்றேன். தெரியலைங்கறதும் விஞ்ஞானம்தான். பிள்ளைங்களுக்கு முதல் நாள் அதைத்தான் சொல்லுவேன்."

அந்த வாரம்தான் அக்காவின் வயிற்றிலிருந்து எடுத்த துணுக்கு கீழே கூடத்துக்கு வந்தது. தம்பியே பதிவேட்டில் எண்ணைப் போட்டார். சீவும் வேலையைச் சக ஊழியர் செய்தார். சாயம் ஏறிய தகட்டைப் பெரிய டாக்டரிடம் அனுப்பும் முன் தம்பி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம். முப்பத்தொரு வருஷம் பார்த்த கண்ணுக்கு ஒரு நொடி போதும்.

செவ்வாய்க்கிழமை அறிக்கை கைக்கு வந்தது. அக்காவுக்கு வைத்தியம் பார்க்கும் மேல் மாடி டாக்டர் தம்பியை உட்காரவைத்துச் சொன்னார்: "சிகிச்சை குடுத்தா இன்னும் கொஞ்ச மாசம் கூடக் கிடைக்கலாம். ரொம்பக் கஷ்டமா இருக்கும். வேண்டாம்னா வேண்டாம், அதுவும் சரிதான். ஆனா முடிவு அவங்கதான் எடுக்கணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் சிகிச்சைக்கு இடம் வெச்சிருக்கேன். விட்டா அப்புறம் மூணு வாரம் ஆகும். அதுக்குள்ள உடம்பு தாங்காமப் போனாலும் போயிடும்."

அன்று சாயங்காலம் அக்கா கேட்டார்: "ரிப்போர்ட் வந்துச்சா?"

"இன்னும் வரலைக்கா."

"வந்தா சொல்லிடு. நீ பொய் சொல்ல மாட்டே, அதனாலதான் டாக்டரைக் கேக்காம உன்னைக் கேக்குறேன்."

அறிக்கை அவருடைய பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருந்தது. புதன்கிழமை சொல்லலாம் என்று இருந்தார். வியாழக்கிழமை வாய்வரைக்கும் வந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, மேல் மாடிக்குப் போகும் படிக்கட்டில் பாதிவரை ஏறித் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. இப்போது நோயோடு சேர்த்து வெள்ளிக்கிழமையையும் சொல்ல வேண்டும்.

நாவல் முடியும் தறுவாய்க்கு வந்தது. அடுத்த புதன்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில் கடைசி அத்தியாயத்தை முன்கூட்டியே படித்துப் பார்த்தார். மடத்துக்கு அடியில் ஒரு குழாய். பூமியிலிருந்து வரும் வாயு. விஞ்ஞானி வால்வைத் திருகுகிறார். விளக்கு அணைகிறது.

அன்றைக்கு அவர் மனசில் ஓடியது எந்தத் தர்க்கத்துக்கும் நிற்காது. உயிர், விளக்கு இரண்டையும் ஒரே மனுஷியிடமிருந்து பிடுங்கக் கூடாது என்று தோன்றியது. பின்னட்டைப் பையைப் பிரித்து ஆறு அட்டையையும் பார்த்தார். கொலைகாரன் யாரென்று பதினைந்தாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டதாக ஒருவர். விஞ்ஞான அத்தியாயங்கள் நல்ல தூக்கம் தந்ததாக ஒருவர். கடவுளைக் கேவலப்படுத்திவிட்டார் என்று மூன்றாம் மாடி. விஞ்ஞானத்தைக் கேவலப்படுத்திவிட்டார் என்று அதே மூன்றாம் மாடியின் எதிர்வீடு. ஒரு கத்திக்கு இத்தனை சட்டையா கிழியும் என்று தையல்காரம்மா. முடிவைப் போட்டு உடைத்திருந்தது ஆறாவது அட்டை மட்டும்தான். நான்காம் மாடி பஸ் டிரைவர் எழுதியது: 'பத்தொன்பதாம் அத்தியாயத்தில் விளக்கை அணைத்தது அநியாயம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.'

அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆறு பேர் படித்தார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். அட்டை ஐந்தாகக் குறைந்தால் கேட்பார். அதனால், தகடுகள் சாயத்தில் ஊறிக்கொண்டிருந்த நேரத்தில், கூடத்து மேஜையில் ஒரு புது அட்டையை எடுத்து, டிரைவரின் சாய்வெழுத்திலேயே எழுதினார்: 'பத்தொன்பதாம் அத்தியாயத்தில் விளக்கை அணையாமல் விட்டது நல்லது. மனசுக்கு நிம்மதி.'

வியாழக்கிழமை கடைசி அத்தியாயம். பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இல்லாததை வாசித்தார். கதை சொல்லிப் பழக்கமில்லாத வாய். "வால்வு முழுமையாக மூடப்பட்டது. சுடர் தொடர்ந்து எரிந்தது. மாற்றம் எதுவும் காணப்படவில்லை" என்று முடித்தார்.

அக்கா சுவரைவிட்டுத் திரும்பினார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"பக்கம் பக்கமா அளந்த ஆசிரியரு, கடைசியில ஆபீஸ் லெட்டர் மாதிரி முடிச்சுட்டாரே. சரி, அட்டையைக் குடு. மத்தவங்க என்ன சொல்றாங்க பாப்போம்."

தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒவ்வொரு அட்டையாகப் படித்தார். தையல்காரம்மாவின் சட்டைக் கணக்குக்குச் சத்தமாகச் சிரித்தார். மூன்றாம் மாடிச் சண்டைக்கு, "ரெண்டு பேரும் லிஃப்ட்ல ஒண்ணா மாட்டிக்கணும்" என்றார். ஆறாவது அட்டைக்கு வந்தார். கண்ணாடி அங்கேயே நின்றது. கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி கிட்டே கொண்டுபோனார்.

"டிரைவர் எப்போலேர்ந்துடா உன் லேப்ல வேலை பாக்குறார்?"

அவர் எட்டிப் பார்த்தார். அட்டையின் முதல் வரியில் 'பதினெட்டாம் அத்தியாயத்தில்' என்று தவறாக எழுதியிருந்தார். அதன் மேல் ஒரு கோடு, நேராக, மெல்லிசாக. மேலே 'பத்தொன்பதாம்'. பக்கத்தில் அவருடைய சுருக்கக் கையெழுத்து. மாலை 4.20. எழுதியதே நினைவில் இல்லை. முப்பத்தொரு வருஷம் எழுதிய கை, எஜமானைக் கேட்காமலே எழுதியிருந்தது.

"விளக்கு அணைஞ்சிடுச்சா?" அக்கா கேட்டார்.

"அணைஞ்சிடுச்சுக்கா."

"அப்போ ரிப்போர்ட்டும் வந்திருச்சு."

அவர் பையை எடுத்துவந்து டப்பாவை வெளியே வைத்து, அடியிலிருந்த தாளை எடுத்தார். மடிப்பில் எண்ணெய் பட்டிருந்தது.

"எப்போ வந்துச்சு?"

"போன வாரம் செவ்வாய்."

அக்கா விரலை மடக்கி எண்ணினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்டுவதுபோல நிதானமாக. "ஒன்பது நாள். டாக்டர் என்ன சொன்னார்? முழுசாச் சொல்லு."

சொன்னார். வெள்ளிக்கிழமையையும் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. அக்கா அவரைத் தேற்றவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகத் தம்பி அழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"உனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னுதான்க்கா..."

"விளக்கு அணைஞ்சா நான் செத்துடுவேன்னு நெனச்சியா? அணையாதுன்னு நான் சொன்னது எனக்குத் தெரியாததைப் பத்தி. தெரிஞ்சதை மறைக்கச் சொல்லலையே." மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துத் தொடர்ந்தார். "வெள்ளிக்கிழமை நான் போயிருப்பேனா, மாட்டேன்னு சொல்லியிருப்பேனான்னு இப்ப எனக்கே தெரியாது. இனிமே தெரியவும் தெரியாது. அதைத்தான் நீ எடுத்துட்டே. அது என்னோட ஒன்பது நாள்டா."

அக்கா பூதக்கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டார்.

"இப்ப புத்தகத்தை எடு. கடைசி அத்தியாயத்தை உள்ளபடி வாசி."

வாசித்தார். மடத்துத் தலைவரின் பிரசங்கம் இரண்டு பக்கம், விஞ்ஞானியின் பாடம் ஒரு பக்கம். வால்வு திரும்பியது. விளக்கு அணைந்தது. அக்கா கண்ணை மூடியிருந்தார். பிரார்த்தனையா தூக்கமா என்று தெரியவில்லை. வாசித்து முடித்ததும், கண்ணைத் திறக்காமலே, "நீ எழுதினதைவிட இது பரவாயில்லை" என்றார்.

டிரைவரின் அட்டை திரும்பப் பைக்குள் போனது. பொய் அட்டையைக் கிழிக்கப் போனவரை அக்கா தடுத்தார். கோடு போட்டு, கையெழுத்தும் நேரமும் போட்டு, மற்ற அட்டைகளோடு வைக்கச் சொன்னார். புத்தகம் அப்படியே அடுத்த வீட்டுக்குப் போனது. அக்காவின் அட்டையில் ஒரே வரி இருந்தது: 'அணைந்த பிறகு யாராவது மலை ஏறினார்களா என்று ஆசிரியர் எழுதவில்லை, குறை.'

மூன்று வாரம் கழித்து இடம் கிடைத்தபோது சிகிச்சைக்கு உடம்பு இடம் கொடுக்காது என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்க அக்காவோடு போனது தையல்காரம்மா. அதற்குப் பிறகு இருந்த நாலு மாசமும் அக்கா தம்பியிடம் முகம் கொடுக்காமல் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார், மளிகைச் சீட்டைக் கிண்டல் செய்தார், மருந்து கசக்கிறது என்று திட்டினார். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் எந்தத் தாளையும் அவர் கையில் கொடுக்கவில்லை. வந்த தாள் தலையணைக்கு அடியில் போகும். தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு மேலே வந்து வாசித்துக் காட்டுவார்.

தம்பி சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அவர் வேலை பார்க்கும் கூடத்திலேயே தட்டச்சு செய்த தாள்கள்தான். அந்தச் சொற்களைத் தையல்காரம்மா எழுத்துக் கூட்டி, பாதியில் உடைத்து, வேறெங்கோ ஒட்டி வாசிப்பார். ஒரு தடவை மிகவும் திணறிப்போய், "இது என்ன வாயில நுழையாத பேரு? தம்பியைக் கூப்பிடட்டுமா அக்கா?" என்றார்.

"கூப்பிடு. ஆனா தாளைக் குடுக்காதே. நீ ஒவ்வொரு எழுத்தாச் சொல்லு, எப்படிச் சொல்றதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போகட்டும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். தையல்காரம்மா ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அவர் அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டு, சமையலறைக்குத் திரும்பினார்.