ஊக்கால் அழுத்திய பகல்

சதுரங்கப்பட்டினத்தில் மீன் வைக்கும் குளிர் அறை ஒன்று இருக்கிறது. அங்கே மின்சாரம் போனால் எனக்குத் தகவல் அனுப்ப, யூபிஎஸ்ஸில் ஒரு சின்ன கார்டு உண்டு. மூன்று வருடமாக ஊரப்பாக்கத்தில் வீட்டிலிருந்தபடியே அதைக் கவனித்துவந்தேன், நேரில் பார்த்ததில்லை. ஒரு மத்தியானம், தூக்கக் கலக்கத்தில் அதன் நெட்வொர்க் முகவரியில் ஓர் எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டேன். கார்டு என் திரையிலிருந்து மறைந்துபோனது. இனி மீனெல்லாம் கெட்டாலும் எனக்குத் தெரியாது.

பதறிப்போய் அங்கே போன் செய்தேன். மீன் வைக்க வந்திருந்த ஓர் அக்கா எடுத்தார்.

"யூபிஎஸ் பொட்டிக்குப் பின்னாடி சொருகியிருக்கிற கார்டுல குட்டியா ஒரு ஓட்டை இருக்கும். அதுல எதையாவது விட்டு அழுத்திப் புடிங்கக்கா, பழையபடி ஆயிடும்."

"வளையல்ல ஊக்கு கீது. இரு தம்பி."

அவர் அழுத்திய நேரமெல்லாம், திறந்திருந்த கதவு வழியே அலைச்சத்தம் போனுக்குள் வந்துவந்து போனது. கண்ணை மூடினேன். என் கட்டிலுக்கடியில் கடல் அசைவதுபோல் இருந்தது.

கார்டு மறுபடி திரையில் தெரிந்தது.

"இன்னா ஆச்சு அதுக்கு?"

"அதுவாவே ஏதோ தப்பு பண்ணிடுச்சுக்கா" என்றேன், கூசாமல்.

"பாவம், ராவும் பகலும் முழிச்சிகினு கீதே, அசந்திருக்கும்" என்று அதைத் தட்டிக்கொடுத்தார். அந்தச் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

உண்மையைச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பாரோ என்னவோ. அந்தக் கை மட்டும் இன்னும் என் முதுகில் இருக்கிறது.