தம்பி வாங்கி மறைத்த சம்மன்

என் மகளை என்னிடமிருந்து பிரித்தது என் கணவர் மட்டும் என்றால் தாங்கியிருப்பேன். கூட நின்றது என் சொந்தத் தம்பி. நம் சதுரங்கப்பட்டினம் சபையில் எஸ்தராகிய என்னை எல்லோருக்கும் தெரியும். இந்தக் கதை சிலருக்குத்தான் தெரியும். ஆண்டவர் செய்ததை இன்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2001-ல் என் கணவர் என்னோடு சண்டை போட்டுவிட்டு, சிங்கப்பெருமாள் கோயிலில் இருந்த தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். நானும் மகள் ஷீபாவும் என் தம்பி சாமுவேல் வீட்டில் இருந்தோம். கோபம் தணிந்து வந்துவிடுவார் என்று தினமும் ஜெபித்தேன். அடுத்த கோடை விடுமுறையில் வந்தார். சிரித்துப் பேசினார். "புள்ளைய கொஞ்ச நாள் இட்டுகினு போறேன்" என்றார். நம்பி அனுப்பினேன்.

பள்ளிக்கூடம் திறந்தும் ஷீபா வரவில்லை. அழைத்துவரப் போனேன். மாமியார் வாசலிலேயே தடுத்தார்.

"இன்னாத்துக்கு வந்த? கோர்ட்ல விவாகரத்து ஆயிடுச்சி. புள்ளையும் எங்களுக்குத்தான்."

உள்ளே என் மகளின் குரல் கேட்டது. கதவைச் சாத்திவிட்டார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தக் கோர்ட்? எப்போது? செங்கல்பட்டில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். அவர் கோர்ட்டில் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்.

"நீங்க ஆஜராகலன்னு எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு குடுத்துட்டாங்கம்மா. உங்க தரப்பைக் கேக்காமலே முடிச்சிட்டாங்க. சம்மனை உங்களுக்காக உங்க தம்பிதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காரு."

வீட்டுக்கு வந்து கேட்டேன். சாமுவேல் தலையைத் தூக்கவே இல்லை.

"மச்சான் அணுமின் நிலைய டவுன்ஷிப்ல வேலை வாங்கித் தரேன்னாரு. உன்னாண்ட சொல்ல வேணாம்னாரு. இவ்ளோ தூரம் போவும்னு தெரியாதுக்கா."

நான் ஆக்கிப் போட்டதைத் தின்றுகொண்டே இத்தனை மாதம் என் முகத்தைப் பார்த்திருக்கிறான். அன்றே துணிமணியை எடுத்துக்கொண்டு புதுப்பட்டினத்தில் ஒரு சபைச் சகோதரி வீட்டுக்குப் போய்விட்டேன்.

தீர்ப்பை ரத்து செய்ய உடனே மனுப் போட வேண்டும், சம்மன் என் கைக்கு வரவில்லை என்று தம்பியே சாட்சி சொன்னால் நல்லது என்றார் வக்கீலம்மா. ஆள் அனுப்பினேன். வரமாட்டேன் என்றுவிட்டான்.

அதற்குப் பிறகு எனக்கு ஜெபமே வரவில்லை. முழங்கால் போட்டால் அழுகையும் ஆத்திரமும்தான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன். "ஆண்டவரே, அவன் வாயைத் திறந்துவிடும்." அந்தச் சகோதரி என்னோடு உபவாசம் இருந்தார். கணவர் திரும்ப வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். சாமுவேல் நின்றுகொண்டிருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வேலை இன்னா ஆச்சின்னு கேக்க மச்சான் வூட்டுக்குப் போனேன்க்கா. ஷீபா ஓடியாந்து கையப் புடிச்சிகினா. 'மாமா, அம்மா என்னை வேணாம்னு சொல்லிட்டாங்களாமே, நெஜமா?'ன்னு கேட்டா. என்னால நிக்க முடியல. கோர்ட்டுக்கு வரேன்."

வந்தான். கூண்டில் ஏறி, எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னான். என் கணவர் அவனை முறைத்தபடி உட்கார்ந்திருந்தார். தீர்ப்பு ரத்தானது. வழக்கு மறுபடி நடந்தபோது நீதிபதி ஷீபாவைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசினார். அவளை என்னோடு அனுப்பினார்கள். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை என் சேலையை அவள் விடவில்லை.

என் கணவர் திரும்பி வரவில்லை. பிறகு இருவரும் சம்மதித்தே முறைப்படி பிரிந்தோம். மகள் என்னிடம். அப்பா வந்து பார்த்துப் போகலாம் என்று ஏற்பாடு. நான் முதலில் கேட்ட ஜெபத்துக்கு ஆண்டவர் 'இல்லை' என்றுதான் பதில் சொன்னார். அதையும் ஸ்தோத்திரத்தோடு ஏற்றுக்கொள்ள எனக்கு வெகு காலம் பிடித்தது. தம்பியை மன்னிக்க அதைவிட அதிகம். இன்று அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். சொல்லக்கா என்று அவன் சொன்ன பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

இங்கே யாராவது தன் வீட்டு ஆளாலேயே ஏமாந்து உட்கார்ந்திருந்தால், வெட்கப்பட்டு முடங்காதீர்கள். ஜெபியுங்கள், வக்கீலையும் போய்ப் பாருங்கள். ஏமாற்றியவரின் பெயரைச் சொல்லியே ஜெபியுங்கள். கோபமாக இருந்தாலும் பரவாயில்லை. என் ஜெபம் அப்படித்தான் இருந்தது. ஆண்டவர் அதைக் கேட்டார்.