ஜித்தாவிலிருந்து வந்த சாதா கால்

திருவண்ணாமலையில் நெட் போனால் முதலில் திட்டு வாங்குகிறவன் நான். செங்கம் ரோட்டுப் பக்கம் பிராட்பேண்ட் இணைப்பு கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. மன அமைதி தேடி ஆசிரமத்தருகே அறை எடுத்துத் தங்குகிறவர்கள்கூட, நெட் பத்து நிமிடம் நின்றால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். காரணங்கள் எனக்கு அத்துப்படி. கால்வாய் தோண்டும் ஜேசிபி, உயரமாக லோடு ஏற்றிவரும் லாரி, கிரிவலப் பாதையில் கேபிளைக் கடித்துத் துப்பும் குரங்கு. எதுவானாலும் அரை மணியில் சரி செய்துவிடுவேன் என்ற கர்வம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

அன்று ஜித்தாவில் என் தங்கையின் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை. உள்ளே போவதற்கு முன் வீடியோ காலில் பேசுவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு வருடமாக அவள் அவர் முகத்தைப் பார்த்ததெல்லாம் அதில்தான். எங்கள் வீட்டோடு இருந்தவள், காலையிலேயே மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நெட் இல்லை. எங்கள் தெருவில் செல்போன் டேட்டாவும் எடுக்காது. வாடிக்கையாளர்களும் வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே சாதா காலில் வந்தார். குரலைக் கேட்டதும் இவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எனக்குத் தாங்கவில்லை. போனை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"மாப்ள, இங்க குரங்கு எதுனா கடிச்சிருக்கும். அரை மணி நேரம் குடுங்க, முகத்தப் பாத்தே பேசுவீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

குரங்கு வேலையேதான். கேபிளை ஒட்டி முடித்ததும் எல்லா வீட்டுக்கும் நெட் வந்தது. பைக்கில் பறந்து வந்து பார்த்தால், ஜித்தா கால் மட்டும் சுற்றிக்கொண்டே நின்றது. சென்னையில் இருக்கும் எங்கள் கம்பெனி ஆளைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"செங்கடல்ல கேபிள் அறுந்துடுச்சுங்க. அந்தப் பக்கம் காலைலேர்ந்தே இப்டித்தான். குரூப்ல போட்டேனே, பாக்கலயா?"

நெட் இல்லாதவன் குரூப்பை எங்கே பார்ப்பது? உடனே நாங்களே சாதா காலில் கூப்பிட்டோம். அவருடைய அறை நண்பர் எடுத்தார்.

"இப்பதான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. வெய்ட் பண்ணிப் பாத்தாரு."

அவர் உயிரோடு வெளியே வரவில்லை. அடக்கமும் அங்கேயே நடந்தது.

கடலுக்கடியில் அறுந்ததற்கு நீ என்ன பண்ணுவாய் என்று வந்தவர்களெல்லாம் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். தங்கையும் அதையே சொன்னாள். தலை நிமிர முடியவில்லை. கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா நாட்களில் ஒரு மதியம், சோறு வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ணா, நீ போனை வாங்குனப்ப அவரு ஏதோ சொன்னாரே, என்னது?"

"சரி மச்சான்னாரும்மா."

அவள் தலையாட்டிக்கொண்டாள். "ஒரு நிமிஷம் மச்சான், அவகிட்ட குடுங்க" என்றுதான் அவர் சொன்னார். எனக்கு நன்றாகவே கேட்டது. கேட்ட பிறகுதான் போனை வைத்தேன்.