முதுகு காட்டி நின்ற டிரைவர்

ஸ்ரீரங்கத்திலிருந்து குடும்பத்தோடு வேனில் யாத்திரை போனோம். பெருமாளுக்குப் படைக்கும் முன், சமைக்கும் தளிகை பிறர் கண்ணில் படக் கூடாது. அதனால் துறையூர் தாண்டியதும் வேனை நிறுத்தச் சொல்லி, ஜன்னல்களில் துணி கட்டி, உள்ளேயே ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். சமையலில் நான் புலி என்பது என் சொந்த அபிப்பிராயம்.

டிரைவர் உறையூர்க்காரர். வண்டி நின்றால் போதும், தோள் துண்டால் பானெட்டைத் துடைப்பார். துடைத்துக்கொண்டிருந்தவர் பாய்ந்து வந்தார்.

"பெட்ரோல் வண்டிங்க இது! எல்லாரும் ஒண்ணா வைகுண்டம் போகவா கிளம்புனீங்க? அடுப்பை வெளியே எடுங்க!"

"வெளியில நாலு பேர் கண்ணு படுமே?"

என் மாற்று வேட்டியைப் பிடுங்கி, திரைபோல விரித்துப் பிடித்து, அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றார். அரைமணி நேரம் என்னைத் திட்டினார், ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

"சாமி, நான் பாக்கலீங்க. ஆனா பொங்கல் அடிபிடிச்சிருச்சு."

படைத்த பிறகு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார், கோபம் தணியாமலே.