தலைமாட்டில் இரண்டு கட்டைகள்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றைக்கூட அடுத்த வீட்டுச் சோற்றுக்கு ஏங்க விட்டதில்லை. இந்தக் கனடாவில் மகன் வீட்டில் என் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சரிவில் படுக்கிறேன். டாக்டர் உத்தரவாம்.

டாக்டருக்குப் பசியே அறியாத முகம். எத்தனை வருடமாக நெஞ்சு எரிகிறது என்று பேத்தி மீனா மூலம் கேட்டான்.

"முப்பது வருசமா. பட்டாசுத் தூசி தொண்டையில ஒட்டியிருக்குன்னு சொல்லு" என்றேன்.

சிரித்தான். தூசி இல்லையாம், என் வயிற்றுப் புளிப்புதான் மேலே ஏறுகிறதாம். என் வயிற்றையா குறை சொல்கிறான்? எழுந்து வந்துவிட்டேன்.

ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனியில் நாங்கள் எல்லோரும் தூசி என்றுதான் நம்பினோம். விடியுமுன் வேன் வரும். வெறும் வயிற்றில் கடுங்காப்பி. சாயங்காலம் போர்மேன் ஆளுக்கொரு வெல்லக்கட்டி தருவான், தூசியை இறக்கிவிடும் என்று. வீடு திரும்பி வயிறு முட்டச் சாப்பிட்டு, கை காயுமுன் படுக்கை. புளித்துக்கொண்டு வந்தால் இன்னொரு துண்டு வெல்லம். போர்மேன் சொன்னான் சரி, கேட்ட எங்கள் புத்தி எங்கே போயிற்று?

பிறகு மகன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான். வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயின் அடியில் புண். வயிற்றின் வாசல் தளர்ந்து, புளிப்பு மேலேறி வருடக்கணக்கில் அரித்திருக்கிறது. என் வறட்டு இருமலும் கரகரத்த குரலும் அதனால்தானாம். படுக்கையில் அது மேலேறாமலிருக்கத்தான் தலைமாட்டில் இந்தக் கட்டைகள். விட்டுவைத்தால் உணவுக்குழாய் சுருங்கிச் சோறு இறங்காது; சிலருக்குப் புற்றாகவும் மாறும்.

சோறு இறங்காது என்றதும் தங்கை பேச்சியின் நினைவு வந்தது. என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், இன்னும் அதே கம்பெனியில் இருக்கிறாள். கஞ்சிகூட அடைக்கிறது என்று போன மாதம் சொன்னவள். உடனே போன் போட்டேன்.

"ஏட்டி, ஆஸ்பத்திரிக்குப் போ. அது தூசி இல்ல."

"தீவாளி லோடு அம்புட்டும் கெடக்குக்கா. பிளேன் ஏறுனதும் நீ டாக்டராயிட்டியாக்கும்? நீ சொல்லித்தான வெல்லம் திங்கேன்."

வைத்துவிட்டாள். அவள் வேலைக்கு வந்த முதல் நாள் அந்த வெல்லத்தை அவள் வாயில் போட்டதும் நான்தான்.

மீனாவை எழுதச் சொல்லி இதை அனுப்புவது சிவகாசியில் அச்சாகும் பத்திரிகைக்கு. கம்பெனி வேனில் யார் கைக்காவது வரும். படிக்கிறவர்கள் பேச்சியை விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போங்கள். நீங்களும் வெல்லத்தைத் தூக்கி எறியுங்கள். இங்கே சரிவில் படுத்து எனக்குச் சோறு இறங்குகிறது. அங்கே அவள் சமதரையில் படுத்திருக்கிறாள். என் தொண்டை பாதி அவளோடுதான் கிடக்கிறது.

மீனா, எழுதினதை வாசி. எங்கேயாவது கெஞ்சுகிற மாதிரி இருந்தால் அடித்துவிடு. அக்கா திட்டினால்தான் அவள் கேட்பாள்.