ஈரத்தரையில் வேஃபர்

எங்கள் அப்பா பட்டுத்தறியை விட்டு வேஃபர் பிஸ்கட்டுக்குத் தாவியது அறுபதுகளின் கடைசியில். மதராஸில் யாரோ ஒரு துண்டு தின்னக் கொடுத்திருக்கிறார்கள். காஞ்சிபுரம் திரும்பும்போதே முதலாளி ஆகிவிட்டார். தறிகளை விற்று, இரும்புத் தட்டு வைத்த அடுப்புகள் வாங்கி, தறி இருந்த கூடத்திலேயே போட்டார். இரண்டு அண்ணன்களும் மேனேஜர்கள். மாவு கரைத்துத் தட்டில் ஊற்றிச் சுட்டெடுப்பது நான். அதற்குப் பதவியெல்லாம் கிடையாது.

சுட்டவுடன் வேஃபர் மொறுமொறுவென்று இருக்கும். சாயங்காலத்துக்குள் நமுத்து, நேற்றைய தோசையாகிவிடும். வாலாஜாபாத் கடைக்காரர் டின்னோடு திருப்பி அனுப்பினார். அப்பா மைதாவைத் திட்டினார், அடுப்பு விற்றவனைத் திட்டினார், திருஷ்டி என்று பூசணிக்காய் உடைத்தார். பெரியண்ணன் காரணம் கண்டுபிடிக்க மதராஸுக்கே போய், சினிமா பார்த்துவிட்டு வந்தார்.

காரணம் காலடியில் இருந்தது. கூடம் காய்ந்தால் பட்டு இழை அறுந்துபோகும் என்று தினமும் காலையில் தரையில் தண்ணீர் தெளிப்பது வழக்கம். தறி போன பிறகும் அப்பா பக்தியோடு தெளித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப அறுந்துபோறதுக்கு இங்க என்னப்பா இருக்குது?" என்றேன்.

"மூணு தலைமுறையா தெளிக்கிறோம். நீ வந்து சொல்லிக்கினு இருக்கியே!"

அவர் வெளியூர் போன அன்று ஆள் வைத்து அடுப்புகளை மாடி அறைக்கு ஏற்றினேன். வேஃபர் நமுக்கவில்லை. பிறகு அதன்மேல் சாக்லேட் பூசவும் பழகினேன். சில வருஷங்களில் சுற்றுவட்டாரக் கடைகளிலெல்லாம் எங்கள் சரக்குதான். வாசலில் போர்டு ஏறியது: அப்பா பெயர், கீழே 'மற்றும் மகன்கள்'.

"என் பேரு?"

"நீ போற வீட்ல வெப்பாங்கமா."

ஆமாம், சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்கள்.

திருப்புட்குழியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஒரு வேஃபரைக் கடித்து, "பிரமாதமா இருக்குதே, யார் செஞ்சது?" என்றார்.

"நம்ம பசங்கதான்" என்று அப்பா அண்ணன்களைக் காட்டினார்.

"நான்தாங்க" என்றேன்.

வந்தவர்கள் காபியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. சம்பந்தம் போயிற்று. இனி மாடிப்பக்கமே வரக்கூடாது என்றார் அப்பா.

நான்காம் நாள் சின்னண்ணன் வந்து நின்றார். "சாக்லேட் ஒட்டமாட்டேங்குதுமா. அப்பா கூப்பிடுறாரு."

"போர்டுல இருக்கறவங்களையே பாத்துக்கச் சொல்லுண்ணா."

சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து மாவு கருகும் வாசனை வந்தது. அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஏறிப்போய் அடுப்பைத் தணித்தேன். அப்பா நகர்ந்து இடம் விட்டார். அவர்மேல் வந்ததைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.